தட்டுகளை எண்ணினால் போதுமா?

காமர்ஸ் படிப்பவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குதான் ஞாபகம் வரும். சத்துணவின் வரலாற்றைப் படித்தபோதும் அப்படித்தான். அதில் என்னை நிறுத்தியது ஒரு தேதி: 1925 ஏப்ரல் 1.

பள்ளியில் சாப்பாடு என்றதும் 1956, காமராஜர், 1982, எம்.ஜி.ஆர். என்று சொல்வோம். சரிதான். ஆனால் 1920-லேயே, நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது. ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது.

அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23ல் 811 மாணவர்கள். 1924-25ல் 1,671. இரண்டே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல்! இதைவிட நல்ல ரிசல்ட் யாருக்குக் கிடைக்கும்?

ஆனாலும் திட்டம் நின்றது. தொடக்கக் கல்வி நிதியில் இந்தச் செலவைக் காட்டக் கூடாது என்று சென்னை அரசு மறுத்துவிட்டது. புது நிதியாண்டின் முதல் நாளோடு சாப்பாடு முடிந்தது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் பிரச்சினை. படிப்புக்கான பணத்தில் பசியைத் தீர்க்கக் கூடாதாம்! ஆடிட் புத்தகப்படி அதில் தப்பு சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு எரிச்சல். செலவுக்கு ஒரு தலைப்பு இருந்தது, பலனுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1,671 என்பதும் தலை எண்ணிக்கைதான். பிள்ளைகள் உடம்பு தேறியதா? அதை ஒழுங்காக அளக்க ரொம்ப வருடங்கள் ஆயின. எங்கள் ஆர்.கே.பேட்டையைத் தாண்டினால் ஆந்திரா. அந்த மாநிலத்துப் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, வறட்சியில் அடிபட்ட வீட்டுப் பிள்ளைகளின் உடல்நலச் சரிவைப் பள்ளி மதிய உணவு ஈடுகட்டியதாகச் சொன்னது. 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சிறுமியாக இருந்தபோது மதிய உணவு கிடைத்த தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்தார்கள். 2006-க்கும் 2016-க்கும் நடுவே இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் வந்த முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை இந்த உணவோடு தொடர்புடையது என்றார்கள். தட்டில் போட்ட சோறு அடுத்த தலைமுறையில் தெரிகிறது. எந்த வருடாந்திர அறிக்கையில் இது வரும்?

உணவு, குடிநீர், கழிப்பறை, சுற்றுப்புறம் எல்லாவற்றையும் பள்ளி ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1995-லிருந்தே வலியுறுத்தி வருகிறது. நம்மிடமும் 2001-02ல் தேசிய பசுமைப் படை வந்தது. அங்கும் இதே கதைதான். எத்தனை கன்று நட்டோம் என்று எழுதுவது சுலபம். மூன்று கோடை தாண்டி எத்தனை நிற்கிறது என்று போய்ப் பார்ப்பது கஷ்டம், எங்கள் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்!

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் பேசப்பட்டது எது தெரியுமா? வருகைப் பதிவேடு. 1925-லும் அதுதான் கையில் இருந்தது. அந்த முதல் நாள் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து சாப்பிட்ட சிறுமிகளின் உயரத்தையும் எடையையும் யாராவது வருடா வருடம் குறித்து வைத்தால், அவர்களுக்குக் குழந்தை பிறக்கும்போது ஒப்பிட ஒரு நோட்டாவது இருக்கும்.