முயல் மசால்

முயல் மசால் என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுத் தீவனப் பயிர் ஆகும். இதன் பேரினம் ஸ்டைலோசாந்தஸ். கிரேக்க மொழியில் தூணையும் பூவையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து இப்பெயர் அமைந்தது. வேளாண் துறையினர் சுருக்கமாக ஸ்டைலோ என்பர். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பயிர், நீர்ப்பாசனம் இல்லாத வளங்குன்றிய நிலங்களில் ஆடு மாடுகளுக்குத் தீவனமாக விதைக்கப்படுகிறது. குளிர்நாடுகளில் கிளோவர் ஆற்றும் பணியை வெப்பநாட்டுச் சரளை மண்ணில் இது ஆற்றுகிறது எனலாம். குதிரை மசால், வேலி மசால் ஆகியவை வேறு பேரினங்களைச் சேர்ந்தவை. பெயரில் மட்டுமே ஒற்றுமை.

பண்புகள்

செடி 0.6 முதல் 1.8 மீட்டர் வரை வளரும். சிறிய மஞ்சள் நிறப் பூக்களைக் கொண்டது. தீவனத்தில் புரதம் 15 முதல் 18 விழுக்காடு வரை உள்ளது. ஆண்டுக்கு 450 முதல் 840 மில்லிமீட்டர் மழை பெய்தாலே போதுமானது. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைதரசனை நிலைநிறுத்துவதால் தழைச்சத்து உரம் மிகக் குறைவாகவே தேவைப்படும்.

மணிச்சத்து குறைந்த அமில மண்ணிலும் வளர்வது இப்பயிரின் சிறப்பு. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மண்ணில் மணிச்சத்து மிகக் குறைவாக இருந்தால் செடி தளர்வதில்லை. அதை மேயும் கால்நடைக்கே பாசுபரசுக் குறைபாடு ஏற்படுகிறது. பச்சைப் பசேலென்று இருக்கும் நிலத்தைக் கண்டு மண் வளமாகிவிட்டதென்று கருதுவது தவறாகும். ஆகவேதான் எக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து, 15 கிலோ சாம்பல்சத்து என்னும் பரிந்துரையில் மணிச்சத்தின் பங்கு மிகுந்துள்ளது.

சாகுபடி

விதையுறை கடினமானது. நேரடியாக விதைத்தால் பெரும்பகுதி முளைக்காது. விதைகளை 80 பாகை செல்சியசு வெந்நீரில் நான்கு நிமிடம் இட்டு எடுத்து, பின் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைப்பர். வரிசை விதைப்புக்கு எக்டேருக்கு 6 கிலோவும், தூவி விதைக்க 10 கிலோவும் தேவை. விதை மிகச் சிறியதாகையால் ஆழமாக விதைத்தல் கூடாது.

முதல் அறுவடை விதைத்த 75 நாட்களுக்குப் பின், பூக்கும் பருவத்தில் செய்யப்படும். முதலாண்டு விளைச்சல் குறைவே. பலர் இந்நிலையிலேயே நம்பிக்கை இழந்து நிலத்தை உழுதுவிடுகின்றனர். மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு எக்டேருக்கு 30 முதல் 35 டன் பசுந்தீவனம் கிடைக்கும்.

மானாவாரி நிலத்தில் இதனைத் தனியாக விதைப்பதைவிடக் கொழுக்கட்டைப் புல்லுடன் கலந்து விதைத்தல் நல்லது. மழைக்காலத் தொடக்கத்தில் மாடுகள் இளம் புல்லையே விரும்பி மேயும். புல் முற்றிய பின்னரே மசாலுக்கு வரும். மேய்ச்சலைக் கட்டுப்படுத்தாவிட்டால் சில ஆண்டுகளில் புல் அழிந்து மசால் மட்டுமே எஞ்சும். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இவ்வாறு நேர்ந்த இடங்களில் மண்ணின் அமிலத்தன்மை கூடியது.

நோய்

வடக்கு ஆஸ்திரேலியாவில் பரவலாக இருந்த டவுன்சுவில் ஸ்டைலோ என்னும் சிற்றினம், 1970களில் ஆந்திரக்னோசு என்னும் பூஞ்சை நோயால் பெருமளவு அழிந்தது. பரந்த மேய்ச்சல் நிலம் ஒரே சிற்றினத்தை நம்பியிருந்ததே இழப்பின் அளவுக்குக் காரணம். அதன்பின் நோயைத் தாங்கும் வெரானோ, சீக்கா போன்ற வகைகள் பயன்பாட்டுக்கு வந்தன. இந்தியாவில் 1962இல் நிறுவப்பட்ட சான்சி இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் இப்பேரினத்தை ஆய்ந்து வருகிறது. ஆந்திரப் பிரதேசத்தின் அனந்தபுரம் மாவட்ட உழவர்கள் இதன் விதையை விற்பனைக்காகவே விளைவிக்கின்றனர்.

குழித்துறைப் பகுதி

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கிலுள்ள நாஞ்சில் நாடு நெல் வயல்களால் ஆனது. அங்கு மாட்டுக்கு வைக்கோல் கிடைக்கும். மேற்கே குழித்துறையைச் சுற்றியுள்ள விளவங்கோடு பகுதி மேடும் பள்ளமுமானது. இங்குள்ள செம்புரை மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிணைத்துவிடுகின்றன. இரு பருவமழைகளும் சத்துகளை அரித்துச் செல்கின்றன. இத்தகைய மழை மிகுந்த அமில நிலத்திற்கு கயானென்சிசு என்னும் சிற்றினம் ஏற்றது. வெளிச்சம் விழும் தென்னந்தோப்புகளில் இதனை வளர்க்கலாம். அடர்ந்த நிழலில் வளராது.

இப்பகுதியில் மிகுந்துள்ள இரப்பர் தோட்டங்களில் நிலைமை வேறு. இளங்கன்றுகளுக்கிடையே மண்ணை மூட அவரைக் குடும்பச் செடிகளே விதைக்கப்படுகின்றன. ஆயினும் அவற்றுள் மியூகுனா பிராக்டியேட்டா என்னும் கொடி விரும்பப்படுவதற்கு ஒரு காரணம், அதை மாடு மேயாது என்பதுதான்! ஒரே மண்ணில் தோட்டக்காரருக்கு மாடு தொடாத செடியும், மாடு வளர்ப்போருக்கு மாடு விரும்பும் செடியும் தேவைப்படுகின்றன.

மான்களுக்கான தீவனம்

வட அமெரிக்காவில் வெள்ளைவால் மான்களை ஈர்க்கச் சிறு நிலத்துண்டுகளில் கிளோவரையும் ஓட்சு, கோதுமை, ரை ஆகிய தானியங்களையும் சேர்த்து விதைக்கும் வழக்கம் உள்ளது. தானியம் விரைந்து முளைத்து இலையுதிர்காலத் தீவனமாகி, மெதுவாக வளரும் கிளோவருக்குக் காப்பாகவும் அமைகிறது. அமில மண்ணாயின் முதலில் சுண்ணாம்பு இடுவர். இதன் நோக்கம் பெரும்பாலும் வேட்டையே.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 மான் வேட்டையைத் தடைசெய்துள்ளது. மான் தன் பயிரை மேய்கிறது என்பதே இங்கு உழவர்களின் குறை. எனவே மான்களுக்கான உணவு என்பது காட்டுப் புல்வெளியைப் பேணுவதைச் சார்ந்தது. வெளிமான்கள் வாழும் கோடியக்கரையிலும், தூத்துக்குடி மாவட்டத்தில் 1987இல் அறிவிக்கப்பட்ட வல்லநாடு சரணாலயத்திலும் அவை நம்பியிருப்பது திறந்த புல்வெளியையே.

அத்தகைய புல்வெளிகளில் முயல் மசாலைத் தூவலாமா என்பது எளிய வினா அன்று. கோடியக்கரையில் புல்வெளியை மூடிவரும் சீமைக் கருவேலமும் அயல்நாட்டுப் பயிரே. விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட அதன் காய்களை வெளிமான்கள் தின்று, விதைகளைச் சாணம் வழியே பரப்புகின்றன. முயல் மசாலின் கடின விதைகளும் கால்நடைகளின் வயிற்றைக் கடந்து முளைக்க வல்லவை. மேய்ச்சல் நிலத்தில் விதைச்செலவைக் குறைக்கும் இப்பண்பு, சரணாலயத்தில் திரும்பப் பெற முடியாத மாற்றமாகிவிடக்கூடும்.