பட்டினி உடலில் எழுதுவதை யார் படிப்பது?

பட்டினியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இறந்தவர்களையே எண்ணுகிறோம். பட்டினி கிடந்து பிழைத்தவர்களுக்கு, அதிலும் அந்த நாள்களில் தாயின் வயிற்றில் இருந்தவர்களுக்கு, பிறகு என்ன நடந்தது என்ற கேள்வி எங்கள் மத்தியில் அரிதாகவே எழுகிறது. இதற்கு மிக விரிவாகப் பதில் தேடப்பட்ட இடம் நெதர்லாந்து. அங்கு பதில் தேடியவர்கள் ஒரு துறையினர் மட்டும் அல்லர். எங்கள் பல்கலைக்கழகங்களும் அவ்வாறு பல துறைகளாகச் சேர்ந்து செய்யவேண்டிய வேலை ஒன்று காத்திருக்கிறது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

ஒல்லாந்தின் பட்டினிக் குளிர்காலம்

1944 செப்டெம்பரில் நேச நாடுகளின் படை நகர்வுக்கு ஆதரவாக நெதர்லாந்தின் ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பழிவாங்கும் விதமாக ஜேர்மன் ஆக்கிரமிப்பு நிர்வாகம் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தது. நவம்பரில் நீர்வழிப் போக்குவரத்துக்கு அனுமதி கிடைத்தபோது, கடுங்குளிரில் கால்வாய்கள் உறையத் தொடங்கியிருந்தன. நவம்பர் இறுதியில் ஒருவருக்கான நாளாந்தப் பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அது 400 முதல் 800 கலோரி வரைதான். மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்குகளை அவித்துத் தின்றனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். 1945 மே மாதத்தில் விடுதலையோடு உணவும் வந்தது.

பொருளாதாரத் தடையையும், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதையும் அனுபவித்த எங்களுக்கு இந்தக் கதையில் விளங்காதது எதுவும் இல்லை. நாடு முழுவதும் உணவு இல்லாமல் போய் வந்த பஞ்சம் அல்ல இது. உணவு வரும் வழி அடைக்கப்பட்டது. உணவு இருக்கும்போதே மக்கள் பட்டினியால் சாக முடியும் என்பதைப் பொருளியலாளர் அமர்த்தியா சென் 1943 வங்காளப் பஞ்சத்தை வைத்து 1981இல் வெளிவந்த தனது நூலில் விளக்கினார். பட்டினியின் காரணத்தை வயிற்றுக்குள் தேடிக் காண முடியாது. அதைச் சொல்லப் பொருளியலும் அரசியலும் வேண்டும்.

பதிவேடுகள் சொன்னவை

நெதர்லாந்தில் பட்டினிக்கு நடுவிலும் பதிவுகள் நிற்கவில்லை. பங்கீட்டின் அளவு வாரக்கணக்கில் குறிக்கப்பட்டது. மருத்துவமனைகள் பிள்ளைகளின் பிறப்பு நிறையை எழுதி வைத்தன. பிறந்த ஆண்கள் 18, 19 வயதில் இராணுவச் சேவைக்காகப் பரிசோதிக்கப்பட்டபோது இன்னொரு பதிவு சேர்ந்தது. தென்னாபிரிக்காவில் பிறந்த நோய்ப்பரவலியல் ஆய்வாளர்களான சீனா ஸ்டெய்ன், மேர்வின் சசர் தம்பதியரும் அவர்களது சகாக்களும் இந்தப் பதிவேடுகளை ஒன்றோடொன்று பொருத்தினர். அவர்களது நூல் 1975இல் வெளிவந்தது.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் பட்டினி கிடந்திருந்தால் குழந்தையின் பிறப்பு நிறை சராசரியாக 300 கிராம் அளவில் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் முதற்பாதியில் பட்டினி நேர்ந்திருந்தால், இளைஞர்களானபோது உடற்பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றுக்கான ஆபத்தைக் காட்டின. பட்டினி உச்சமாக இருந்தபோது கருவானவர்களிடையே உளச்சிதைவு நோய் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. 2008இல் வெளியான மரபியல் ஆய்வொன்று, பட்டினியின்போது கருவானவர்களை அவர்களது சொந்தச் சகோதரர்களோடு ஒப்பிட்டு, ஒரு மரபணுவின் மேல் படியும் வேதியியல் குறிகளில் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வேறுபாடு இருப்பதைக் கண்டது.

எங்கள் தாய்மார் கவனிக்கவேண்டிய இன்னொரு முடிவும் உண்டு. 18, 19 வயதில் செய்த பரிசோதனைகளில் பட்டினிக் காலத்தில் பிறந்தவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை. மேலே சொன்ன நோய்களும் ஆபத்துத்தான், விதி அல்ல. அந்தத் தலைமுறையில் பெரும்பாலானோர் சாதாரண வாழ்க்கையே வாழ்ந்தார்கள்.

வன்னியின் பிள்ளைகள்

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்ததிலிருந்து மே 18 வரை வன்னியில் கர்ப்பிணிகளாக இருந்தவர்கள் கஞ்சியோடு நாளைக் கடத்தினார்கள். அங்கு சிக்கியிருந்த மக்களின் எண்ணிக்கையை அரசு வேண்டுமென்றே குறைத்துக் காட்டியது உணவும் மருந்தும் போதாமற்போகக் காரணமானது என ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது. குடித்தொகைக் கணக்கு ஒன்று ஒரு தாயின் கோப்பையைத் தீர்மானித்தது. அன்று வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்களிடம் நெதர்லாந்தின் பதிவேடுகள் இல்லை. கிளினிக் அட்டைகள் பங்கர்களிலும் பாதைகளிலும் போயின. ஆனால் தாய்மாரிடம் வேறொரு நாட்காட்டி இருக்கிறது. "தருமபுரத்தில் இருக்கேக்க நாலு மாதம், மாத்தளனுக்கு வரேக்க ஆறு" என்றுதான் அவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இடப்பெயர்வின் பாதையைப் புவியியலாளர் திகதிகளாக மாற்றலாம். என்ன சாப்பிட்டார்கள் என்பதைச் சமூகவியலாளர் கேட்டு எழுதலாம். அதன் போசாக்கைப் போசாக்கியலாளர் கணக்கிடலாம். பிள்ளையின் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் மருத்துவர் பார்க்கலாம். மனக்காயத்தை உளமருத்துவம் படிக்கவேண்டும். போரின் உளப் பாதிப்பைச் சமூகம் முழுவதற்குமான காயமாகப் பார்க்கும் வழியைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஏற்கனவே காட்டியிருக்கிறார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது. திருநெல்வேலியில் கலைப்பீடம் இருக்கிறது. ஒரே பிள்ளையின் உடல் ஒரு பீடத்துக்கும், உணவு இன்னொரு பீடத்துக்கும், வரலாறு மூன்றாவது பீடத்துக்கும் பிரிந்து கிடப்பதுதான் குறை. உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்த பிள்ளையிடம் "சுகாதாரம் உனக்கு உரியதல்ல" என்று சொல்லும் பழக்கத்தை நாங்கள் விடவேண்டும்.

ஒரு நிபந்தனையும் உண்டு. எங்கள் சனம் படிவங்களுக்குப் பதில் சொல்லிக் களைத்துப்போனது. தகவல் திரட்டிக்கொண்டு போனவர்கள் பலர் முடிவைச் சொல்லத் திரும்பி வந்ததில்லை. சம்மதத்தோடு கேட்பதும், பெயரைக் காப்பதும், முடிவைத் தாய்க்கே முதலில் சொல்வதும் இந்த ஆய்வின் பகுதியாக இருக்கவேண்டும்.

பல்கலைக்கழகம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அந்த மாதங்களில் பிள்ளையைச் சுமந்தவர்கள் எந்த மாதம் எந்த இடத்தில் இருந்தோம், என்ன சாப்பிட்டோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். வைத்தியரிடம் போகும்போது அதைச் சொல்லலாம். பிள்ளைக்குச் சீனியும் அழுத்தமும் இடைக்கிடை பார்த்துக்கொள்ளலாம். நினைவு தெளிவாக இருக்கும் தாய்மார் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள்.