எதிரி என்னும் சொல்

ஈழத்து நீதிமன்றச் செய்திகளை வாசித்துப் பழகியோர் ஒன்றைக் கவனித்திருப்பர். குற்றஞ் சாட்டப்பட்டவரை அச்செய்திகள் 'எதிரி' என்றே குறிக்கும். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என எண்ணும் இடப்படும். அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாகவில்லை. வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்பவர், அவ்வளவே. எதிர் என்பது திசை. எதிரே நிற்பவர் எதிரி. வெறுப்பு அச்சொல்லின் வேரில் இல்லை.

சங்க நூல்களில் பகைவரைக் குறிக்கும் சொற்கள் பல. தெவ்வர், செறுநர், மாற்றார் என்பன ஒருபுறமிருக்க, ஒன்னார், நண்ணார், கூடார் என்பவற்றை நோக்குவோம். ஒன்றாதவர், நெருங்காதவர், கூடாதவர் என மூன்றும் எதிர்மறைச் சொற்கள். பகைவர் செய்த தீங்கை இவை கூறவில்லை. சேராமையை மட்டுமே கூறுகின்றன. சேர்ந்திருக்கக் கூடியவரே சேராதுபோனார் என்ற ஏக்கமும் அவற்றில் ஒலிப்பதாக எமக்குத் தோன்றுகின்றது.

ஆயின் சொல் மென்மையாயிருந்ததால் வாள் மென்மையாயிற்று என்று எவரும் எண்ணவேண்டாம். உ.வே. சாமிநாதையர் 1894 இல் பதிப்பித்த புறநானூற்றில் கோவூர் கிழார் பாடிய 45, 46, 47 ஆம் பாடல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. உறையூர்க் கோட்டைக்குள்ளே நெடுங்கிள்ளி. வெளியே முற்றுகையிட்டவன் நலங்கிள்ளி. இருவரும் சோழர். இருவர் சூடிய மாலையும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியன்றோ என்று புலவர் இடித்துரைக்கின்றார்.

அடுத்த பாடல் கொடிது. கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடத் துணிந்தான். அழுதுகொண்டிருந்த அச்சிறுவர் யானையைக் கண்டதும் அழுகையை மறந்து, கூடியிருந்த அந்நியரைப் பார்த்து மருண்டனராம். பகைவனின் பிள்ளையும் பகைவனா? கோவூர் கிழாரின் பாட்டால் அவர்கள் உயிர் தப்பினர்.

எம்மவர் மறவாது வாசிக்கவேண்டியது 47 ஆம் பாடல். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றனென ஐயுற்றுக் கொல்லப் புகுந்தான் நெடுங்கிள்ளி. வந்த திசையே குற்றமாயிற்று. சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த எமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. நெடுவழி நடந்து, பாடிப் பெற்றதைச் சுற்றத்தாருக்கு ஊட்டி வாழும் புலவர் எவருக்கும் தீங்கு நினையார் என்று கோவூர் கிழார் எடுத்துரைத்தார். இளந்தத்தன் பிழைத்தான்.