திரும்பும் தேதி

2015-இல் வேலைக்காக ஜெர்மனி கிளம்பினேன். டிக்கெட் என் செலவு. சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு ஒருவழிக் கட்டணம் 58,000 ரூபாய். அதே விமானத்தில் போய்வர 44,000. எந்த எண்ணைப் பார்த்தாலும் பிழை எங்கே என்று தேடுவது என் தொழில். மூன்று தடவை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். பிழை இல்லை. மூன்று மாதம் கழித்து ஏதோ ஒரு நாளைத் திரும்பும் தேதியாகப் போட்டு வாங்கிவிட்டேன். வேலை ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு. திரும்பி வரும் எண்ணமே கிடையாது.

இரண்டு பயணம் எப்படி ஒரு பயணத்தைவிட மலிவாக இருக்கும்? பதில் தேடிப்போனால் கதை விமானத்துக்கு முன்பே, ரயிலில் தொடங்குகிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் இரண்டு பெரிய நகரங்களுக்கு இடையே பல ரயில் கம்பெனிகள் ஓடின. போட்டியில் கட்டணம் சரிந்தது. வழியில் இருக்கும் சின்ன ஊருக்கோ ஒரே ஒரு தண்டவாளம்தான். அங்கே கம்பெனி வைத்ததுதான் விலை. அதனால் சில தடங்களில் தூரத்து ஊருக்கான டிக்கெட் பக்கத்து ஊர் டிக்கெட்டைவிட மலிவு. விவரமானவர்கள் தூரத்து ஊருக்கு வாங்கி, நடுவிலேயே இறங்கி, மிச்சத்தைத் தரகரிடம் விற்றார்கள். போய்வரும் டிக்கெட்டின் மீதிப் பாதியும் இப்படிக் கைமாறியது. அந்தத் தரகர்களுக்கு 'ஸ்கால்ப்பர்' என்று பெயர். பிளாக்கில் டிக்கெட் விற்பவரை இன்றும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கம்பெனிகள் தரகர்களைத் துரத்தின. சின்ன ஊர்க்காரர்களின் கோபம் கம்பெனிகள் மேல். 1887-இல் வந்த மாநிலங்களிடை வணிகச் சட்டம், ஒரே தடத்தில் ஒத்த சூழ்நிலையில் குறைந்த தூரத்துக்கு அதிகக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது.

விமானத்தில் இந்தச் சிக்கல் தாமதமாகத்தான் வந்தது. 1938 முதல் நாற்பது வருடம் அமெரிக்க உள்நாட்டுக் கட்டணங்கள் ஓர் அரசு வாரியத்தின் பிடியில் இருந்தன. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. அதற்கு முந்தைய வருடமே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'சூப்பர் சேவர்' என்ற சலுகையைக் கொண்டுவந்திருந்தது. விலை மிகக் குறைவு, ஆனால் நிபந்தனை உண்டு. வாரக்கணக்கில் முன்பே வாங்க வேண்டும். போய்வரும் டிக்கெட்டாக இருக்க வேண்டும். போன இடத்தில் சில நாளாவது தங்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளை ஒரு புரோகிராமரின் கண்ணால் பார்த்தால் இவை 'இஃப்' கண்டிஷன்கள். பயணி யார், அவரால் எவ்வளவு தர முடியும் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும். நேரடியாகக் கேட்டால் யார் சொல்வார்? அதனால் சுற்றிவளைத்துக் கேட்டார்கள். பின்னால் பிரபலமான சனிக்கிழமை இரவு விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். போன ஊரில் ஒரு சனிக்கிழமை இரவாவது தங்கினால்தான் மலிவு விலை. அலுவலக வேலையாகத் திங்கட்கிழமை போகிறவர் வியாழனோ வெள்ளியோ வீட்டில் இருக்க நினைப்பார். காசு அவருடையது இல்லை, ஆபீஸுடையது. சொந்தக் காசில் போகும் குடும்பஸ்தருக்கு சனிக்கிழமை ஒரு பொருட்டில்லை. எப்போது திரும்புவேன் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தவருக்குத் தள்ளுபடி. சொல்ல முடியாதவர், அதாவது ஒருவழி டிக்கெட் கேட்பவர், முழுவிலை தரக்கூடிய அவசரக்காரர் என்பது அனுமானம்.

எத்தனை இருக்கையை மலிவாக விற்பது என்பதற்கும் கணக்கு இருந்தது. 1972-இல் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பிஓஏசி-யில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் ஒரு எளிய விதியைச் சொன்னார். இந்த இருக்கை பிறகு முழுவிலைக்குப் போகும் நிகழ்தகவை முழுவிலையால் பெருக்குங்கள். அது இன்றைய தள்ளுபடி விலையைவிட அதிகம் என்றால் இருக்கையை விற்காமல் வைத்திருங்கள். அமெரிக்கன் இதை 1985-இல் ஆயுதமாகவே எடுத்தது. 1981-இல் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ், நிபந்தனை இல்லாமல் எல்லோருக்கும் மலிவாக விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்கன் அதே அளவு மலிவான விலையைக் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு மட்டும், நிபந்தனையோடு அறிவித்தது. அடுத்த வருடமே பீப்பிள் எக்ஸ்பிரஸ் கைமாறியது.

பயணிகள் சும்மா இருப்பார்களா? போய்வரும் டிக்கெட் வாங்கி, திரும்பும் பாதியைத் தூக்கி எறிந்தார்கள். சிலர் பத்திரிகையில் வரிவிளம்பரம் கொடுத்து விற்றார்கள். அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் அப்போது அடையாள அட்டை கேட்கும் கட்டாயம் இல்லை; 1996-இல்தான் வந்தது. 2008-இல் காகித டிக்கெட்டும் போனது. இன்று முதல் பகுதியிலோ நடுவிலோ ஏறாமல் விட்டால் கணினி மிச்சத்தை ரத்து செய்துவிடும். அதனால் விட முடிந்தது கடைசிப் பகுதியை மட்டும்தான்.

அதற்கும் ஒருவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2016-இல் ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாக சியாட்டில் போய்வர லுஃப்தான்சாவில் டிக்கெட் வாங்கிய பயணி, திரும்பும்போது ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கிவிட்டார். ஆஸ்லோ விமானத்தில் ஏறாமல், வேறு டிக்கெட்டில் பெர்லின் போனார். கட்டணத்தை மறுகணக்கிட்டு 2,112 யூரோ கேட்டு கம்பெனி வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மறுகணக்கு எப்படி என்று பயணிக்குப் புரியும்படி இல்லை என்பது காரணம்.

முழுச் சாப்பாடு வாங்கிப் பாயசத்தைத் தொடாமல் எழுந்தால் ஹோட்டல்காரர் கூடுதலாகக் கேட்பாரா என்று நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் கம்பெனியின் வாதத்தை முழுக்கத் தள்ளவும் முடியவில்லை. திரும்பி வருகிறவன் என்று சொன்னதால்தானே எனக்கு அந்த விலை. நான் சொன்னது பொய். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லாதவனிடம் 14,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டது அவர்கள் போட்ட விதி. கம்பெனி விஷயத்தில் எனக்குக் குற்றவுணர்ச்சி இல்லை.

பதினான்கு மாதம் கழித்து, வேறு டிக்கெட்டில், ஊருக்கு வந்தேன். சமையலறைச் சுவரில் புதுக் காலண்டருக்கு அடியில் 2015 காலண்டர் அப்படியே தொங்கியது. ஒரு தேதியைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவில் வட்டம். பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் 'தம்பி'. டிக்கெட்டை அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ரெண்டு வருஷம்னு சொல்லிட்டுத்தானேம்மா போனேன்?"

"சொன்னப்பா. இருந்தாலும் டிக்கெட்டுல போட்டிருந்துச்சே."

சனிக்கிழமை இரவு விதி முதல் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ அன்னிக்கு அந்த சீட்டு காலியாவா வந்துச்சு?"

"இருக்காதும்மா. எத்தனை பேரு வரமாட்டாங்கன்னு முன்னாடியே கணக்குப் போட்டு, வேற யாருக்காவது வித்திருப்பாங்க."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றபடி அம்மா பழைய காலண்டரைக் கழற்றினார்.