தனுஷ்கோடித் துறை

துறைமுக ஊர்கள் இரு வகைப்படும். பொருள் வந்து குவிவதனால் செழிப்பவை ஒரு வகை. மக்கள் வந்து கடந்து போவதனால் மட்டுமே உயிர் வாழ்பவை மற்றொரு வகை. பின்னதற்குத் தமிழ்நாட்டில் தலைசிறந்த சான்று தனுஷ்கோடி. ஐம்பது ஆண்டுகளே துறையாக விளங்கி மறைந்த அவ்வூரைப் பற்றிச் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பணி ஓய்வு பெற்ற பின்னர் அங்கு இருமுறை சென்று வந்தேன். மண்டபம் கடந்து, பாம்பன் நீரிணையைத் தாண்டி, இராமேசுவரம் சேர்ந்து, அங்கிருந்து தென்கிழக்கே இருபது கிலோமீட்டர் அளவு செல்லவேண்டும். 2017-ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரையில் நல்ல சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் மணலில் தத்தளித்துச் செல்லும் வண்டிகளே துணை. போகப் போக நிலம் குறுகுகிறது. ஒரு பக்கம் அமைதியான பாக் நீரிணை. மறுபக்கம் அலை மோதும் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் மீனவர் வழங்குவர். இத்தனை உப்புநீருக்கு நடுவில், மணலைக் கையால் தோண்டினால் குடிநீர் ஊறுவது வியப்பே!

இத்தகைய மணல் திட்டில் ஒரு பட்டினம் எழுந்தது ஏன்? 1914-ஆம் ஆண்டுக்கு முன்னர், இலங்கை செல்வோர் பலர் தூத்துக்குடி வரை இரயிலில் சென்று, அங்கிருந்து கப்பலில் நெடுந்தூரம் கடல் கடந்து கொழும்பு சேர்ந்தனர். இராமர் சேதுவின் திட்டுகள் வழியே இலங்கை வரை இருப்புப் பாதை அமைக்கலாம் என்ற எண்ணமும் அக்காலத்தில் எழுந்தது. அது கைகூடவில்லை. பாம்பனில் பாலம் கட்டி, தீவின் முனை வரை இரயிலைக் கொண்டு செல்வது, எஞ்சிய கடலை நீராவிக் கப்பலால் கடப்பது என்று முடிவாயிற்று. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல்கள் ஓடத் தொடங்கின.

எழும்பூரில் 'போட் மெயில்' ஏறிய பயணி, தனுஷ்கோடித் துறைமேடையில் இறங்கிக் கப்பலில் ஏறுவார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே கொழும்பு இரயில் காத்திருக்கும். நம் பக்கத்துப் பாதை மீட்டர் அகலமுடையது. இலங்கைப் பாதையோ அகலப் பாதை. இரண்டு இருப்புப் பாதைகளையும் இணைத்தது அந்தக் கப்பலே.

அவ்வழியே சென்றவர் யாவர்? வணிகரும் அலுவலரும் யாத்திரிகரும் சென்றனர். ஆயினும் தொகையில் மிக்கவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலி மக்கள். வறட்சியும் கடனும் துரத்த, கங்காணியின் சொல்லை நம்பிப் புறப்பட்டவர்கள் அவர்கள். கப்பலேறுமுன் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில், நோய் பரவாதிருக்கும் பொருட்டுச் சில நாள் தங்க வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். தனுஷ்கோடி அவர்களுக்கு ஊர் அன்று. தாய்நாட்டின் கடைசி வாசற்படி.

பயணிகளுக்காகவே அங்கு இரயில் நிலையமும், அஞ்சலகமும், சுங்கச் சாவடியும், சத்திரங்களும், பள்ளியும், மாதா கோவிலும் எழுந்தன. ஆனால் வழியை நம்பிய ஊரின் வாழ்வு, அவ்வழியின் இரு முனைகளையும் ஆள்வோர் கையில் இருக்கிறது. 1948-ல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே குடியுரிமைச் சட்டமும், குடிவரவு பற்றிய சட்டமும் அங்கே இயற்றப்பட்டன. அடுத்த வீட்டுக்குப் போவது போல் போய் வந்த பயணம், கடவுச்சீட்டுக்குரிய பயணமாயிற்று. தோட்டத் தமிழருள் மிகப் பலர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கை, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என வகுத்தது.

இரண்டு திங்கள் கழியவில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு பெரும்புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த பயணி வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும் தறுவாயில் பேரலையில் மூழ்கியது. அதில் வந்தவருள் ஒருவரும் பிழைக்கவில்லை. விடிந்தபோது ஊர் இல்லை.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. அதன் 145 கண்களுள் 126 கண்களின் இரும்பு உத்திரங்களைக் கடல் வாரிக்கொண்டது. அதனை 46 நாள்களில் சீர்படுத்தி முடித்தனர். தனுஷ்கோடிக்கோ இருப்புப் பாதை மீண்டும் போடப்படவில்லை. மக்கள் வாழத் தகாத இடம் என அரசு அறிவித்தது. பாலத்துக்கு அப்பால் இராமேசுவரம் திருக்கோவில் இருந்தது. கோடிக்கணக்கான மக்களின் நம்பிக்கை இருந்தது. தனுஷ்கோடிக்கு அப்பால் இருந்ததோ வேற்று நாட்டின் எல்லை. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 'இராமானுஜம்' என்ற கப்பலில் தாயகம் திரும்பியவர் பலர். அவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். பாட்டன் சென்ற வழியே பேரன் திரும்பினான். பறித்ததோ அதே தேயிலை! 1984-ல் உள்நாட்டுப் போரின் காரணமாக அந்தக் கப்பலும் நின்றது.

இன்று அங்குச் செல்வோர் மாதா கோவிலின் இடிந்த சுவர்களின் முன்னின்று படம் எடுத்துக்கொண்டு, 'பேய் நகரம்' என்று சொல்லித் திரும்புகின்றனர். அப்பெயர் பொருந்தாது. மீனவர் இன்றும் அங்கே குடிசை கட்டி வாழ்கின்றனர், வலை உலர்த்துகின்றனர். சென்றவரும் திரும்பியவருமான இலட்சக்கணக்கான மக்களின் வழித்தோன்றல்கள் இருகரையிலும் வாழ்கின்றனர். புயலின் கதையை மட்டும் சொல்லி முடித்தால், ஓர் இரவில் நேர்ந்த அழிவையே அறிவோம். ஐம்பது ஆண்டு நடமாட்டத்தை அறியோம்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. கடல் என்றும் அங்கேயேதான் இருக்கிறது. அதனை வழியாக்குவதும் வேலியாக்குவதும் மனிதர் செயல். தனுஷ்கோடிக்குச் செல்லும் இளைஞர்கள், அங்குள்ள முதியவர் ஒருவரிடம் சிறிது பேசி, 'கப்பல் எங்கே நின்றது?' என்று கேட்பார்களாக. அந்த ஊரை அறிவதற்கு அதுவே முதற்பாடம்.