டீசல் புல்லட்டின் தாய்வீடு

புல்லட்டில் டீசல் எஞ்சின் ஏறிய கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் தொடங்கித் திருவொற்றியூரில் முடிக்கிறார்கள். 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, 1970 வாக்கில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் இங்கே உற்பத்தி தொடர்ந்தது, பின்னர் தொழிற்சாலையே 325 சி.சி. கிரீவ்ஸ் லொம்பார்தினி எஞ்சினைப் பூட்டி டீசல் வண்டி விற்றது, 2000 வாக்கில் அதை நிறுத்தியது என்று கதை நேர்கோட்டில் போகும். இந்த வரிசையில் பிழை இல்லை. ஆனால் இது சேஸின் வரலாறு. எஞ்சினின் வரலாறு அல்ல. டீசல் புல்லட்டின் தாய்வீடு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அல்ல, கிணற்றடி என்பதே இக்கட்டுரையின் வாதம். மூல வைகையில் மழைக்குப் பின் சில வாரம் தண்ணீரையும் மற்ற நாளில் மணலையும் பார்க்கிற தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டு போன்ற கிணற்றுப் பாசன ஊரிலிருந்து பார்த்தால் இது இன்னும் துலங்கும்.

இந்த வாதத்துக்குக் குறுக்கே நிற்பது தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியிட்ட நூலும், அதில் அவர் முன்வைத்த கிரியோல் தொழில்நுட்பம் என்ற கருத்தும். ஒரு பொருள் முதன்முதலில் பெருவழக்கான இடத்தையும் காலத்தையும் விட்டு, வேறோரிடத்தில் தனக்கென்று ஒரு புழக்கத்தைத் தேடிக்கொண்டால் அது கிரியோல். தகரக் கூரை, சைக்கிள் ரிக்‌ஷா, தாய்லாந்தின் நீள்வால் படகு ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டுகிறார். எது புதிது என்று கேட்காமல் எது புழக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள் என்ற அவருடைய அறிவுரைக்கு நம்மைப் போன்ற நாடுகளின் தொழில் வரலாறு பெரிதும் கடன்பட்டிருக்கிறது. ரெட்டிச்சில் செத்துத் திருவொற்றியூரில் வாழ்ந்த புல்லட் இந்த வரையறைக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது. சிக்கலும் அங்கேதான். கிரியோல் என்று சொன்னவுடன் நம் கண் ஒரு பொருளின் வம்சாவழியைத் தேடிப் பின்னோக்கிப் போகிறது. தந்தை ஐரோப்பா, பிள்ளை ஆசியா என்று ஒரே கிளை வரைகிறது. டீசல் புல்லட்டுக்கு அப்படிக் கிளை வரைந்தால் பெட்ரோல் புல்லட்டின் ஒரு திரிபாக அது சுருங்கிவிடும். எட்ஜர்ட்டனின் நீள்வால் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் படகுக்காரருடையது, எஞ்சினோ தரையில் வேலை செய்யப் பிறந்தது. அங்கே இடம்பெயர்ந்தது படகு அல்ல, எஞ்சின். அந்த எடுத்துக்காட்டின் உள்ளேயே அவருடைய வரையறைக்கு மாற்றுச் சாட்சி கிடக்கிறது. புல்லட்டுக்கும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: வண்டி எஞ்சினைத் தேடிப் போனதா, எஞ்சின் வண்டியைத் தேடி வந்ததா?

இயந்திரச் சாட்சி எஞ்சின் பக்கம் பேசுகிறது. 346 சி.சி. பெட்ரோல் புல்லட்டின் திறன் 5,625 சுற்றில் 18 குதிரைச் சக்தி; டீசலுக்கு 3,600 சுற்றில் 6.5. எடை கூடி, வேகம் 65 கி.மீ.யோடு அடங்கிப்போன இந்த மாற்றத்தை மோட்டார் சைக்கிள் கண்ணோட்டத்தில் யாரும் முன்னேற்றம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரே சுற்றில், ஒரே சுமையில், கவர்னரின் கட்டுப்பாட்டில் மணிக்கணக்காக இறைக்கப் பிறந்த இனத்துக்கு இது பழகிய நடை. லிட்டருக்கு 70 கி.மீ.க்கு மேல் கொடுத்ததும் அந்த நடையால்தான். புல்லட் இதற்கு ஏன் இடம் கொடுத்தது? அதன் கியர் பாக்ஸ் எஞ்சினோடு ஒரே வார்ப்பாக இல்லை. பின்னால் தனியாக நிற்கிறது. எஞ்சினை இறக்கினாலும் கியர் பாக்ஸ், கிளட்ச், கிக்கர் எல்லாம் இடத்தில் இருக்கும். பிளேட் வெட்டிப் புது எஞ்சினை உட்காரவைத்து, பிரைமரி செயினை நேர்கோட்டில் கொண்டுவருவதுதான் ஃபிட்டரின் வேலை. பம்பைக் கழற்றி வேறு பம்பு மாட்டுகிற கைக்கு அது அந்நியமானதல்ல.

இதில் சின்னத் தடயம் ஒன்று உண்டு. பெட்ரோல் புல்லட்டை உதைப்பவர் முதலில் ஆம்ப் மீட்டரைப் பார்ப்பார். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்த, பாயின்ட் திறக்கும்போது முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரஷரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, விட்டு உதைப்பார். டீசலில் பாயின்டும் இல்லை, தீப்பொறியும் இல்லை. முள் சார்ஜ் ஏறுவதைத் தவிர வேறொன்றும் சொல்லாது. கிக்கர் காலில் தட்டும் இறுக்கத்தை வைத்தே உச்சியை அறிய வேண்டும். அதாவது புல்லட் ஓட்டியின் பழக்கம் இங்கே உதவாது. டீகம்ப்ரஷரைத் தூக்கிப் பிடித்து, ஹாண்டிலைச் சுழற்றி, வேகம் ஏறியதும் விடுகிற ஆயில் எஞ்சின்காரரின் பழக்கமே உதவும். நம் ஊர்ப்பக்கம் கிணற்றடி டீசலுக்கு ஆயில் எஞ்சின் என்றும், மின்சாரத்தில் ஓடுவதற்கு மோட்டார் என்றும் பெயர் பிரிந்திருப்பதை மொழிச் சாட்சியாகவும் கொள்ளலாம். ஆயில் எஞ்சின் என்பது எரிபொருளின் பெயரைவிட ஒரு கைப்பழக்கத்தின் பெயர்.

தொழிற்சாலை விளம்பரங்களைவிட அதிகம் சொல்லும் ஆவணம் ஒன்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு இரண்டு பாடம் உண்டு. 1988 பாடம், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் பொருந்தாமல் போகும்படி வண்டியை மாற்றாதே, மாற்றினால் பதிவு அலுவலரிடம் தெரிவித்து ஒப்புதல் வாங்கு என்கிறது. அங்கே உரைகல் ஆர்.சி. புத்தகம், அதைத் திருத்தலாம். 2000 திருத்தப் பாடத்தில் உரைகல் மாறிவிடுகிறது: தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு முரணாக வண்டி இருக்கக் கூடாது. கூடவே ஒரு விலக்கு வருகிறது. மாற்று எரிபொருளில் ஓட்ட எஞ்சினை மாற்றலாம், ஆனால் மாற்றுச் சாதனம் பொருத்தி, விதித்த நிபந்தனைக்கு உட்பட்டு. மின்கலம், அழுத்திய இயற்கை எரிவாயு, சூரிய சக்தி, திரவ பெட்ரோலிய வாயு என்று பெயர் சொல்லிவிட்டு, பிற எரிபொருள் என்று முடிக்கிறது. டீசல் அந்தப் பட்டியலில் பெயர் பெறவில்லை. பிற என்பதில் அடங்குமே என்று வாதிடலாம்; ஆனால் எஞ்சினையே இறக்கிவிட்டு வேறோர் எஞ்சினை ஏற்றுவதைச் சாதனம் பொருத்துவதாகப் படிக்கச் சொல் இடம் தருவதாக எனக்குப் படவில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல விவரத்தையே அளவுகோலாக வலியுறுத்தியது. பழைய பாடம் எஞ்சின் மாற்றத்தைக் குற்றமாகப் பார்க்கவில்லை, எழுதிவைக்க வேண்டிய நிகழ்வாகப் பார்த்தது. ஒரு காலத்தின் பட்டறை வழக்கம் சட்டத்தின் சொல்லில் பதிந்திருக்கிறது என்று இதை வாசிக்கிறேன். ஒரு பிரிவின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்டால், கேட்பது நியாயம்தான். ஆனாலும் சட்டம் காற்றில் எழுதப்படுவதில்லை.

கிணற்றடிதான் தாய்வீடு என்றால், புல்லட் தயாரான தமிழ்நாட்டில் அல்லவா இது பெருகியிருக்க வேண்டும்? இது வலுவான மறுப்பு. பெருகியது குஜராத்தின் சௌராஷ்டிரத்தில். புல்லட்டின் முன்பாதியோடு இரு சக்கரப் பின்வண்டியைச் சேர்த்து ஓடும் சகடா அங்கே ஊர்ப் போக்குவரத்தாகவே ஆனது. அதில் டீசல் எஞ்சின் குடியேறியது. 1994இல் அம்ரேலி மாவட்டத்தின் மன்சுக்பாய் ஜகானி, டீசல் எஞ்சின் பூட்டிய புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றி, உழுகருவி இணைத்து புல்லட் சாந்தி செய்தார். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே சௌராஷ்டிரத்தின் ராஜ்கோட் டீசல் எஞ்சின் வார்க்கும் ஊர் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆனால் தமிழ்நாட்டில் கிணற்றடிக்கு மின்சாரம் முன்னதாகவே வந்துவிட்டது. பைக்காரா 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944 என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. 1984இல் சிறு விவசாயிக்கும் 1990இல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம். மோட்டார் வந்த கிணற்றில் ஆயில் எஞ்சின் மூலைக்குப் போனது. நாசில் கழுவும் கையும் டீசல் பம்பு சரிசெய்யும் கையும் ஊரில் குறைந்தன. டீசல் இங்கேயும் மலிவாகத்தான் இருந்தது, புல்லட்டும் இங்கேதான் தயாரானது. இருந்தும் சகடா போன்ற ஒரு வண்டிக்குலம் இங்கே தோன்றவில்லை. விலை மட்டும் காரணமென்றால் தோன்றியிருக்க வேண்டும். சென்னையின் மீன்பாடி வண்டி எஞ்சின் ஏற்றும் கலையில் சளைத்ததல்ல, ஆனால் அதற்கு எஞ்சின் தந்தது பழைய ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும், கிணற்றடி அல்ல.

இன்மையிலிருந்து வாதிடுவது ஆபத்து என்பது தெரியும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் சுமை வேலையை வேறு வண்டிகள் பிடித்துக்கொண்டன. 1980இல் வந்த டி.வி.எஸ். 50 தோட்டத்து மூட்டையையும் வாழைத்தாரையும் எடுத்துக்கொண்டது. கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும் வேலை ஜீப்புக்குப் போனது. பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றுவது நாடு முழுக்க நடந்த பட்டறை வேலை என்பதால், இங்கே டீசல் மாற்றத்தின் உண்மையான வாரிசு புல்லட் அல்ல, ஜீப்பு என்றும் சொல்லலாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் பாய்கிற கம்பம் பக்கத்தையும், கிணற்றை நம்பிய கடமலைக்குண்டு, வருசநாடு பக்கத்தையும் ஒரே தராசில் வைப்பதும் சரியல்ல. மின்சாரம், மொபெட், ஜீப்பு என்ற மூன்றில் எதன் எடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மின்சாரத்தை முதலில் வைக்கிறேன், காரணம் மற்ற இரண்டும் கைப்பழக்கத்தைத் தொடவில்லை, அது தொட்டது.

தொழிற்சாலை டீசல் வண்டி எப்போது வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1993 என்று எழுதுகிறவர்கள் உண்டு. எண்பதுகளுக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. பட்டறைகளில் பெட்ரோல் புல்லட்டை டீசலாக்குவது அதற்கும் முந்தியது என்ற வழக்கு உறுதிப்பட்டால் இந்த வாதம் நிற்கும். தொழிற்சாலையைப் பார்த்துத்தான் பட்டறை செய்தது என்று தெரிந்தால் தளரும். அதைத் தீர்க்க விளம்பரத் தாள் உதவாது, திருத்திய ஆர்.சி. புத்தகம் உதவும். எரிபொருள் கட்டத்தில் பெட்ரோல் அடிக்கப்பட்டு டீசல் என்று எழுதி, முத்திரையும் தேதியும் பெற்ற பக்கம் ஒன்று வேண்டும். ஆண்டிபட்டி, தேனி, கம்பம் பக்கம் பழைய வண்டியை இரும்புக் கடைக்கு எடைபோட்டுக் கொடுக்க நினைப்பவர்கள் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.