கடைசி ஆள் அடிக்கிற அடி

1984 ஜனவரி 17. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு ஐஸ் ஹாக்கி மேட்ச். உள்ளூர் அணியான புளூஸுக்கு கோல்கீப்பர் மைக் லியூட். எதிரில் கனடாவின் கால்கரி ஃப்ளேம்ஸ். அந்த அணியின் பின்களத்தில் ஆடிய இருபது வயதுப் பையன் ஒருவன், தூரத்திலிருந்தே மட்டையை ஓங்கி விட்டான் ஒரு அடி.

பக் நேராகப் போய் லியூட்டின் முகக் கவசத்தில் மோதியது. கவசம் பிளந்தது. லியூட் விழுந்தார். பக் வலைக்குள் விழுந்தது. கோல்!

பையனின் பெயர் அல் மெக்கின்னிஸ். அன்றைக்குப் பிறகு அவன் மட்டையைத் தூக்கினாலே எதிரணிக்கு வயிற்றைக் கலக்கியது.

அதென்ன பக்? ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குல கனத்தில் கெட்டியான ரப்பர் வில்லைதான். எடை 170 கிராமுக்குள். துள்ளக்கூடாது என்று மேட்சுக்கு முன்னால் அதை உறைய வைத்துக் கொண்டுவருவார்கள். கல்லு மாதிரி இருக்கும்.

மைதானத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள். அணி தாக்கப் போகும்போது முன்கள வீரர்கள் கோல் பக்கம் முண்டியடிப்பார்கள். பின்கள வீரர்கள் இரண்டு பேர் நீலக்கோட்டருகே நிற்பார்கள். அங்கிருந்து கோல் கோட்டுக்கு இன்றைய வட அமெரிக்க என்.ஹெச்.எல். ஆடுகளத்தில் 64 அடி. கோலின் அகலமோ ஆறு அடி, உயரம் நாலு அடி. நடுவே எதிரிகள், சொந்த ஆட்கள், கவசம் பூட்டிய கோல்கீப்பர் என்று ஒரு திருவிழாக் கூட்டம். பின்கள வீரர் அடித்தால் அதற்குள் புகுந்துதான் பக் போக வேண்டும்.

நம் ஊர் ஹாக்கியில் பெனால்டி கார்னர் பார்த்திருப்பீர்கள். தடுப்பதே தொழிலாக இருக்கிற பின்கள ஆள் முன்னால் வந்து கோல் போடுவார். பனியில் அந்த வேலைக்கு கார்னர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேட்ச் முழுக்க அதுதான்.

இதை முதலில் ஆயுதமாக்கிய அணிகளில் முக்கியமானது 1950-களின் மான்ட்ரியால் கனேடியன்ஸ். எதிரணி ஆள் ஒருவர் தப்பு செய்து இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தால், அந்த நேரத்தில் இவர்களுக்கு ஒரு ஆள் கூடுதல். அப்போது நீலக்கோட்டில் ஒருபுறம் டக் ஹார்வி என்கிற பின்கள மேதை நிற்பார். மறுபுறம் முன்கள வீரரான பெர்னி ஜெஃப்ரியான். ஜெஃப்ரியானின் செல்லப் பெயரே 'பூம் பூம்'! மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி அறைகிற 'ஸ்லாப் ஷாட்' அவருடைய முத்திரை. அடி எழுப்பிய சத்தம்தான் பெயராக ஒட்டிக்கொண்டது.

1955 நவம்பர் 5-ஆம் தேதி பாஸ்டன் அணியை அந்த மாதிரி ஒரு சந்தர்ப்பத்தில் மடக்கியபோது, மான்ட்ரியாலின் ஜான் பெலிவோ 44 விநாடிகளில் மூன்று கோல் போட்டார். நிர்வாகம் மிரண்டுபோனது. அதுவரை தண்டனை பெற்றவர் எத்தனை கோல் விழுந்தாலும் இரண்டு நிமிடம் முழுக்க வெளியேதான் இருக்க வேண்டும். அடுத்த வருடமே விதியை மாற்றினார்கள். ஒரு கோல் விழுந்தால் போதும், அவர் உள்ளே வந்துவிடலாம். இன்றைக்கும் அதே விதிதான்.

அதற்குப் பிறகு வந்தவர் பாபி ஆர். 1966-ல் பாஸ்டன் புரூயின்ஸில் சேர்ந்தபோது வயது 18. பின்கள வீரர் என்றால் வீட்டைக் காவல் காக்கிறவர் என்ற நினைப்பையே தலைகீழாக்கினார். போட்ட கோலும், கோல் போட உதவியதும் சேர்த்துத்தான் அங்கே புள்ளிக் கணக்கு. 1969-70 சீசனில் அவருக்கு 120 புள்ளி. ஒரு பின்கள வீரர் லீகிலேயே முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. 1974-75-ல் 46 கோலோடு மறுபடியும் முதலிடம். அவருக்கு அப்புறம் எந்தப் பின்கள வீரரும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. முழங்கால் ஒத்துழைக்காமல் முப்பது வயதில் ஆட்டத்தை விட்டார் என்பது தனி சோகம்.

ஆரைப் போல வழுக்கிக்கொண்டு பறக்க எல்லாராலும் முடியுமா? மெக்கின்னிஸால் முடியவில்லை. பையனுக்கு வேகம் போதாது என்றுதான் ஆரம்பத்தில் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு சொத்து, அந்த அடி.

அது எங்கிருந்து வந்தது? கனடாவின் கிழக்கு ஓரத்தில் போர்ட் ஹூட் என்று ஒரு சின்ன ஊர். அப்பா உள்ளூர் பனி அரங்கில் வேலை பார்த்தார். குளிர்காலத்தில் அங்கே மிஞ்சுகிற பக்குகளைப் பையன் சேர்த்து வைப்பான். கோடையில் பனி ஏது? ஒரு பிளைவுட் பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் பக்கை வைத்து, வீட்டுக் களஞ்சியத்தின் சுவரைப் பார்த்து அடிப்பான். ஒவ்வொரு கோடையும் இதே கதை. பக் தீர்ந்ததும் பொறுக்கி வந்து மறுபடி முதலிலிருந்து.

ஸ்லாப் ஷாட்டின் சூட்சுமம் புஜபலம் மட்டுமல்ல. மட்டை முதலில் பக்குக்குக் கொஞ்சம் பின்னால் பனியில் மோத வேண்டும். அப்போது மட்டைத் தண்டு வில் மாதிரி வளையும். வளைந்தது நிமிரும்போது அந்த விசை பக்குக்குப் போகும். முன்காலுக்கு உடம்பின் எடை சரியான நொடியில் மாற வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. ஆயிரக்கணக்கான தடவை அடித்து உடம்புக்குப் பழக்க வேண்டும். பின்னாளில் ஆல்-ஸ்டார் விழாக்களில் 'யார் அடி பலம்?' போட்டியை மெக்கின்னிஸ் ஏழு முறை ஜெயித்தார். மற்றவர்கள் நவீன மட்டைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்திலும் அவர் கையில் பழைய மரமட்டைதான்!

ஆனால், பலம் மட்டும் போதுமா? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பக், 64 அடியைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. சரி. ஆனால் மட்டையைப் பின்னால் கொண்டுபோய் ஓங்குவதற்கும் நேரம் பிடிக்கிறதே? அதற்குள் எதிராளி குறுக்கே பாய்ந்து காலைக் கொடுத்துவிடுவான். பக் அவன் காலில் பட்டு நீலக்கோட்டைத் தாண்டி வெளியே ஓடினால்... போச்சு! ஏனென்றால் அடித்தவர்தான் கடைசி ஆள். அவருக்குப் பின்னால் சொந்த கோல்கீப்பரைத் தவிர யாருமில்லை. போட நினைத்த கோல், வாங்கிய கோலாகிவிடும்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் ஸ்வீடன்காரர் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். 1991 முதல் 2012 வரை டெட்ராய்ட் அணிக்காக மட்டுமே ஆடினார். சிறந்த பின்கள வீரருக்கான விருதை ஏழு முறை வாங்கினார். கவசத்தைப் பிளந்த கதையெல்லாம் இவரிடம் கிடையாது. தலை நிமிர்ந்தே இருக்கும். கோட்டை ஒட்டி ஒரு அடி, இரண்டு அடி பக்கவாட்டில் நகர்வார். குறுக்கே நிற்பவனின் காலுக்குப் பக்கத்தில் சந்து தெரிந்ததும், தாழ்வாக ஒரு அடி. கோல் முன்னால் நிற்கிற சகா மட்டையால் லேசாகத் தொட்டுத் திசை மாற்ற வசதியான உயரத்தில் பக் வரும். சந்தே இல்லையா? வேண்டுமென்றே கோலுக்கு வெளியே அடித்து, பின்சுவரில் பட்டுத் திரும்பி வரச் செய்வார்.

அதற்காக அவரால் ஓங்கி அடிக்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். 2006 டூரின் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஃபின்லாந்தோடு 2-2 சமநிலை. மூன்றாவது பகுதி ஆரம்பித்துப் பத்தே விநாடி. நீலக்கோட்டருகே ஸ்லாப் ஷாட் அடித்தார். ஸ்வீடனுக்குத் தங்கம்!

காமர்ஸ் படித்தவனுக்கு வரவு செலவு பார்க்காமல் தூக்கம் வராது. மெக்கின்னிஸ் போட்ட கோல் 340, கோலுக்கு உதவியது 934. லிட்ஸ்ட்ரோம் போட்டது 264, உதவியது 878. உதவிகளில் நல்ல பாஸ்களும் உண்டுதான். ஆனாலும் கணக்கு ஒன்றைச் சொல்கிறது. நீலக்கோட்டில் நிற்பவர் கையிலிருந்து கிளம்புவது பெரும்பாலும் அடுத்தவர் பெயரில்தான் கோலாகிறது.

அதனால்தான் இன்றைக்குப் பயிற்சியாளர்கள் பையன்களிடம் முதலில் சொல்வது, 'பலமாக அடி' என்பதல்ல. தலையைத் தூக்கு, வழியைப் பார், ஓங்கலைக் குறை, தாழ்வாக அனுப்பு. பலம் அதற்கப்புறம்.

மெக்கின்னிஸும் அடியை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. போதாத தடுப்பாட்டத்தை வருடக்கணக்கில் செதுக்கி, 1999-ல் சிறந்த பின்கள வீரர் விருது வாங்கினார். அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்த அணி எது தெரியுமா? பதினைந்து வருடம் முன்பு யாருடைய கோல்கீப்பரின் கவசத்தைப் பிளந்தாரோ, அதே செயின்ட் லூயிஸ் புளூஸ். இன்றைக்கு அந்த ஊர் அரங்கின் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது.